சுவர் கேட்ட அலுமாரி

ரஸீன் ஹாஜியார் வீட்டு ஹோல் சுவரில் காதை வைத்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தாள் துஷ்யந்தி. சுவருக்கு அந்தப் பக்கம் ஆளும் இல்லை, அறையும் இல்லை. ஒரு பலா மரமும் தண்ணீர்த் தாங்கியும்தான் நின்றன.

"என்ன மிஸ் சொல்லுது?" ஹாஜியார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏங்குது ஹாஜியார். இந்த எடத்துல ஒன்னு வேணும் வேணும்னு ஏங்குது."

இதுதான் துஷ்யந்தியின் பாணி. கண்டியில் வீடு அலங்கரிக்கும் மற்றவர்கள் அளவு நாடாவோடு போவார்கள், இவள் காதோடு போவாள். கட்டுகஸ்தோட்டையில் அவளுடைய பட்டறையில் கதிரை ஒன்றைக் கதிரை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒன்றுக்கு 'ஹந்தானை மூடுபனி' என்று பெயர், இன்னொன்றுக்கு 'மகாவலியின் பெருமூச்சு'. பெருமூச்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அது வேறு விஷயம்.

இன்று வந்திறங்குவது 'மாளிகை மௌனம்' என்கிற அலுமாரி. ஹேவாஹெட்டைப் பக்கம் இடிந்துபோன ஒரு பிரபு மாளிகையில், மூன்று தலைமுறை மருமகள்களின் நகைகளைக் காத்த அலுமாரி என்பது அவள் கட்டிவிட்ட கதை. பட்டறையில் அதைக் கைகாட்டியது ஹாஜியாரின் மனைவி ருக்கியா. தானே தேடிக் கண்டுபிடித்ததாக ஊரெல்லாம் அளந்துகொண்டிருப்பது ஹாஜியார்.

உண்மையில் அது ஒரு பழைய சாமான் லொறிக்காரன் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பச்சைப் பெயின்ட் சனியன். "இங்க எடமில்ல, வேற எங்கயாவது கொண்டு போங்க" என்று துரத்தியும் மனுஷன் அசையவில்லை. "குடுக்கிறத குடுங்க மிஸ், ஆனா நீங்கதான் எடுக்கணும்" என்று காலில் விழாத குறைதான். பெயின்டைச் சுரண்டிப் பார்த்தால், அட, உள்ளே அத்தனையும் அசல் தேக்கு! பித்தளைக் கைப்பிடி போட்டு, உள்ளே வெல்வெட் ஒட்டி, மௌனம் என்று பெயரும் சூட்டிவிட்டாள்.

இந்த அலுமாரி ஹாஜியாருக்குப் பிடித்துவிட்டால் மேல்மாடி வேலை முழுவதும் அவளுக்குத்தான். ஏதாவது கோளாறு என்றால் தீர்ந்தது. ஹாஜியாருக்கு இருக்கிற வாய்க்கு, அக்குறணையிலிருந்து கண்டி டவுன் வரைக்கும் ஒரு கடை பாக்கியில்லாமல் அவள் பேரை நாறடித்துவிடுவார்.

நான்கு ஆட்கள் அலுமாரியைச் சுமந்து வந்து சுவரோரம் இறக்கினார்கள். சிவப்புச் சீமெந்துத் தரையில் நான்கு சின்னக் குழிகள் இருந்தன. நான்கு கால்களும் அந்த நான்கு குழிகளுக்குள் டக்கென்று போய் உட்கார்ந்துகொண்டன.

"மாஷா அல்லாஹ்! எப்பிடி மிஸ் இவ்வளவு கணக்கா செஞ்சீங்க?"

துஷ்யந்தி குனிந்து பார்த்தாள். இத்தனை நாளும் சுவரையே கேட்டுக்கொண்டிருந்தவள், தரையை ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம்.

"இந்தக் குழி... எப்படி வந்துச்சு ஹாஜியார்?"

"அது முந்தி இங்க ஈந்த குப்ப அலுமாரிட கால் பட்ட எடம். கலியாணத்துக்கு ருக்கியாட வாப்பா குடுத்தது. நானும் பச்சப் பெயின்ட் அடிச்சுப் பாத்தேன், கண்ணால பாக்க ஏலாது. லொறிக்காரன கூப்பிட்டு ஏத்திட்டேன். அதுக்கு இவ ஒரு கெழம என்னோட பேசல்ல, பாருங்களேன்!"

துஷ்யந்தி அலுமாரியை நிமிர்ந்து பார்த்தாள். அடக் கடவுளே! அவருடைய அலுமாரியை அவர் தலையிலேயே கட்டியிருக்கிறாள், அதுவும் மூன்று தலைமுறை மருமகள்களோடு சேர்த்து!

நல்ல வேளை, ஹாஜியாருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஃபோனைத் தூக்கி அலுமாரியைப் பிடித்துக் காட்டிக்கொண்டே விறாந்தைக்கு நடந்தார். "மச்சான், இந்த மாதிரி வேல இப்ப ஒருத்தனுக்கும் ஏலாது! எங்கட கையில அம்பிடணும்டு எழுதி ஈக்கு!"

அவர் தலை மறைந்ததும், இதுவரை ஓரமாக நின்ற ருக்கியா மெதுவாக வந்தாள். அலுமாரியின் இடதுபக்கக் கதவோடு பட்டறையில் எல்லாரும் மல்லுக்கட்டியும் அது சுலபமாகத் திறந்ததே இல்லை. ருக்கியா முழங்காலால் ஒரு தட்டுத் தட்டி, கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி இழுத்தாள். சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது.

ருக்கியாவுக்குத் தெரிந்துவிட்டது என்று துஷ்யந்திக்குப் புரிந்தது. மேல்மாடி போனால் போகட்டும், மானமாவது மிஞ்சினால் போதும் என்று இருந்தது.

"அக்கா, சத்தியமா எனக்கு தெரியாதுக்கா! எங்கிருந்து எடுத்தான்னு அந்த லொறிக்காரன் சொல்லவே இல்ல. ஹாஜியார்கிட்ட நானே உண்மைய சொல்லிர்றேன். இப்பவே தூக்கிட்டு போயிர்றேன்..."

"தூக்கவா? வாய மூடுங்க புள்ள!"

ருக்கியா விறாந்தையை எட்டிப் பார்த்தாள். ஹாஜியார் ஃபோனில் ஹேவாஹெட்டை மருமகள்களில் இரண்டாமவளின் நகைகளை விவரித்துக்கொண்டிருந்தார். ருக்கியா கதவைச் சாத்திவிட்டு, அலுமாரியின்மேல் முதுகைச் சாய்த்து, சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"லொறிக்காரனுக்கு ஒங்கட கடைய காட்டினதே நான்தான்."