ராசியில்லாதவன்

"நாளைக்கு மட்டும் மைதானத்துப் பக்கம் தலைவச்சுப் படுத்துடாதடா," என்றான் யோஹன், பீர் பாட்டிலைத் திறந்தபடி. "உன்னால காரியம் கெட்டுச்சுன்னா ஊரே உன்னைச் சும்மா விடாது."

வின்ஃப்ரீட் சமையலறை மேசையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். நாளை சனிக்கிழமை, சொந்த மைதானத்தில் கால்பந்து சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் ஹெர்டன்ஃபெல்ட் அணி முப்பத்தோரு வருடம் கழித்து முதல் லீகுக்கு ஏறும். அந்த ஒரு நாளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் பள்ளிக்கூட நாளிலிருந்தே அவன் ஆசை.

"கடைசி வரிசையில நிக்கிறேன்டா. தொப்பியை இழுத்து மூடிக்கிறேன். வாயே திறக்க மாட்டேன்."

"பந்துக்குத் தெரியும்டா நீ வந்திருக்கேன்னு."

அடுப்படியில் சாஸேஜ் திருப்பிக்கொண்டிருந்த வின்ஃப்ரீட்டின் மனைவி மரீட்டா சிரித்தாள். "பாவம், ஏன் அவனைப் போட்டு வதைக்கிற?" என்றாள். ஆனாலும் 'போய்ட்டு வா' என்று அவள் வாயில் வரவில்லை.

அவனுக்கு ராசியில்லை என்று முதலில் கண்டுபிடித்தவன் யோஹன்தான். போன சீசனில் வின்ஃப்ரீட் போய் நின்ற ஆட்டமெல்லாம் தோல்வி. அவன் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் நாலு கோல் வெற்றி. அதோடு முடிந்தது. இந்த சீசன் முழுக்க ஒவ்வொரு ஆட்டத்தின் போதும் அவன் ஊரின் மறுகோடியில் இருக்கும் தன் தோட்டக் குடிசையில், கைபேசியை அணைத்துவிட்டு, தக்காளிச் செடிகளுக்குக் காவல் இருந்தான். ராசி கெட்டுவிடுமோ என்று, கிளப்பிலிருந்து வந்த கடிதங்களைக்கூடப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டு வைத்தான். பித்துப் பிடித்தவன்தான், ஆனால் அவன் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான்.

சொந்த மைதானத்து ஆட்டங்களுக்கெல்லாம் உள்ளே விடும் சீசன் கார்டுகள் வின்ஃப்ரீட் பெயரில் இரண்டு இருந்தன. ஒன்று அவனுடையது, மற்றது செத்துப்போன அவன் அப்பாவுடையது. அப்பாவின் கார்டை நண்பன் யோஹனுக்கும், தன் கார்டை மனைவிக்கும் கொடுத்தான். பதினாறு ஆட்டத்தில் பன்னிரண்டு வெற்றி, தோல்வியே கிடையாது. யோஹன் சொன்னது பலித்துவிட்டதே, இனி யார் என்ன பேசுவது?

ஒன்று மட்டும் வின்ஃப்ரீட்டுக்கு வேடிக்கையாக இருக்கும். அவன் போய்வந்த காலத்தில் கத்திக் கத்தி ஞாயிறு மத்தியானம் வரை தொண்டை கட்டிக் கிடக்கும். மரீட்டாவோ அன்று மாலையே தேன் போன்ற குரலில், யார் கோல் போட்டது, எத்தனையாவது நிமிடம் என்று ஒப்பிப்பாள். "பொம்பளைத் தொண்டை அப்படித்தான்," என்பான் யோஹன். அவன் குரலும் நன்றாகத்தான் இருக்கும்.

"சரி, நான் வரலை," என்றான் வின்ஃப்ரீட் கடைசியில். "நாளைக்கு மூணுக்கு ஒண்ணு. எழுதி வச்சுக்கோ. அவங்க கோல்கீப்பருக்குத் தோள்ல அடி, உயரமா வர்ற பந்தைப் பிடிக்கவே மாட்டான். நீங்க ரெண்டு பேரும் எனக்கும் சேர்த்துக் கத்துங்க."

"கத்திட்டாப் போச்சு," என்றான் யோஹன்.

"அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு." வின்ஃப்ரீட் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தான். "மரீட்டா, இது உனக்கு. பிறந்த நாள் வரைக்கும் பொறுக்க முடியலை."

கிளப் அலுவலகத்துக்கு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் வைத்தான். மறுமுனையில் ஒரு பெண் வணக்கம் சொன்னாள். அவன் உறுப்பினர் எண்ணைச் சொன்னான்.

"என் சீசன் கார்டை என் மனைவி பேருக்கு மாத்தணும்மா. எங்க அணிக்கு ராசியே அவதான். பக்கத்து இடத்துக் கார்டை என் சிநேகிதன் யோஹன் பேருக்கு."

யோஹன் பாட்டிலைக் கீழே வைத்தான். "டேய், அதெல்லாம் எதுக்குடா இப்போ?"

"சும்மா இரு. அந்த இடத்துக்கு ஒன்பதாயிரம் பேர் வரிசையில காத்திருக்கான். உங்களை விட்டா நான் யாருக்குக் கொடுப்பேன்?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் தயங்கிச் சொன்னாள். "மன்னிக்கணும் சார், பேர் மாத்த முடியாது. ரெண்டு கார்டும் நாளையோட ரத்தாகுது. மூணு கடிதம் போட்டிருக்கோமே, பார்க்கலையா?"

"ரத்தா? எதுக்கு?"

"இந்த வருஷம் புது விதி வந்திருக்கு சார். சீசனுக்குப் பத்து ஆட்டமாவது கார்டைப் பயன்படுத்தணும். இல்லைன்னா அது வரிசையில அடுத்து நிக்கிறவருக்குப் போயிடும்."

வின்ஃப்ரீட் விழுந்து விழுந்து சிரித்தான். "பத்தா? பதினாறுக்கும் போயிருக்காங்கம்மா. மழையில போனாங்க, பனியில போனாங்க. ரெண்டு பேரும் இங்கதான் இருக்காங்க, நீங்களே கேளுங்க."

"வின்னி, போனை வை," என்றாள் மரீட்டா. சட்டியில் சாஸேஜ் கருகிக்கொண்டிருந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இரு, இவங்க கணினியில ஏதோ கோளாறு. நல்லாப் பாருங்கம்மா."

"நல்லாப் பார்த்துட்டேன் சார். இந்த சீசன்ல ரெண்டு கார்டும் ஒரு தடவைகூட மைதான வாசலைத் தாண்டலை."