பத்து விரல்

ஞாயிறு ஆராதனைக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் மோசஸ் மகளுக்கு எதிரே உட்கார்கிறார். செங்கல்பட்டில் குற்றவியல் படிக்கும் பிரிசில்லா, நாளை வகுப்புக்கு ஒருவருடைய பத்து விரல் ரேகையையும் எடுத்துப்போக வேண்டும். அடுத்த வருடம் போலீஸ் எஸ்.ஐ. தேர்வு எழுதப்போகிறவள் அவள். கண்ணாடித் துண்டின்மேல் உருளையால் தேய்த்த கறுப்பு மை ஜன்னல் வெயிலில் மினுங்குகிறது. வெளியே ஈசிஆர் சாலையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. "கைய லூசா வுடு நைனா, நானே உருட்டறேன்" என்று சொல்ல வாய் திறக்கிறாள். அதற்குள் அவருடைய கட்டைவிரல் மையைத் தொட்டு, தாளின் முதல் கட்டத்தில் நகத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உள்பக்கமாக உருள்கிறது. மற்ற நான்கு விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பக்கமாக உருள்கின்றன. அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு இன்னும் இந்த முறை பிடிபடவில்லை. ஒரு கோடுகூடக் கலையாத ரேகைகளை அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். "இத எங்க நைனா கத்துகினே?" மோசஸ் இடது கையை நீட்டுகிறார். கடைசி விரலும் பதிந்த பிறகு, கறுத்த கைகளைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி கேட்கிறார்: "தொடைக்க துணி இருக்குதா பாப்பா? அங்க ஸ்டேஷன்ல அதுகூட குடுக்க மாட்டானுங்க."