பத்தில் நிற்கும் கணக்கு

"மறுபடியும் அறுபதா? சார், நீங்க புரொபசரா, ஒண்ணாம் வகுப்பா?" என்றார் இன்ஜினியர்.

நீச்சல் குளம் முழுக்கச் சிரிப்பு.

நெஞ்சளவுத் தண்ணீரில் எட்டுப் பேர். எல்லாரும் எழுபதை ஒட்டியவர்கள். வட்டமாக நடந்துகொண்டே, முன்னால் போகிறவர் சொன்ன எண்ணோடு ஒன்பதுக்குள் எதையாவது கூட்டி மொத்தத்தைச் சொல்ல வேண்டும். "காலும் ஓடணும், மண்டையும் ஓடணும்" என்பது பயிற்சியாளராக இருக்கும் இளம்பெண்ணின் கட்சி.

ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர் மட்டும் எப்போதும் பத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். ஐம்பத்துமூன்றா? ஏழைக் கூட்டி அறுபது.

"ரவுண்டா இருந்தா ஒரு நிம்மதி," என்பார்.

அவருக்குப் பின்னால் நர்சம்மா. பக்கவாதம் வந்து போனதிலிருந்து அவருடைய இடது கால் தண்ணீருக்குள்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஆனாலும், "ஒரு தடவை தப்பாச் சொன்னாலும் மறுநாள் வரமாட்டேன். இந்த வயசுல என்னால அவமானப்பட முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தார். நாலு மாதமாக ஒரு தப்பில்லை. அறுபதா? அறுபத்துநாலு. டக்கென்று வரும்.

"சோம்பேறித்தனம் மூளைக்கு ஆகாது சார். நீங்க அந்தப் பக்கம் போங்க," என்றார் பயிற்சியாளர்.

"இங்கேயே இருக்கேனே."

"சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்கறீங்களே."

பேராசிரியர் எதிர்ப்பக்கம் போனார். அவர் இடத்துக்கு இன்ஜினியர் வந்தார்.

"நாப்பத்தேழு."

நர்சம்மாவின் உதடு அசைந்தது. "நாப்பத்தேழு... நாப்பத்தேழு..." கால் நின்றது. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். யாரையும் பார்க்காமல் கைப்பிடியைப் பற்றி, கரையேறும் படியின் பக்கம் திரும்பினார்.

"மூணு. அம்பது," என்றார் எதிர்ப்பக்கத்திலிருந்து பேராசிரியர். அவர் முறையே இல்லை.

"அம்பத்துநாலு." படியில் வைத்த காலை நர்சம்மா எடுத்துவிட்டார்.

பயிற்சியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சார், உங்க பழைய இடத்துக்கே வந்துடுங்க," என்றார்.

நர்சம்மா பயிற்சியாளரைக் கையசைத்துக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நானே சொல்லணும்னு இருந்தேம்மா. பாவம், பத்துல நிக்காம அவருக்குக் கணக்கு வராது. அங்க போய் என்ன முழிக்கறாரோங்கற கவலையில எனக்கே தடுமாறிடுச்சு. எனக்கு முன்னாடியே விட்டுடு. நான் பாத்துக்கறேன்."

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்த பேராசிரியர் காதில் அது விழுந்தது.

"ஆமாம்மா," என்றார். "இவங்க பின்னாடி இருந்தாத்தான் எனக்குத் தைரியம்."