பசை காயும் வரை

மரச்சட்டம் மூன்றாம் முறையும் விழும் என்று காத்திருந்தார் ராமையா. விழவில்லை.

கூடத்தின் குறுக்கே நிறுத்திய தடுப்பில் நார்ப்பலகை இரண்டும் சேரும் இடத்தில், மறுபக்கம் ஒரு சட்டத்தைப் பசை தடவி வைத்து, இந்தப் பக்கமிருந்து திருகாணி முடுக்க வேண்டும். அதுவரை அங்கே ஓர் ஆள் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஆளைக் கூப்பிட அவருடைய வீம்பு விடுமா? துடைப்பக் கட்டையால் முட்டுக் கொடுத்துப் பார்த்தார். இரண்டு முறை சட்டம் வழுக்கி விழுந்தது.

இப்போது யாரோ பிடிக்கிறார்கள். அந்தப் பக்கம் இருப்பது தம்பி சீனி ஒருவன்தான்.

செமோரில் தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது, அங்கே வேலை செய்த குடும்பம் என்று இருவருக்குமாகக் கிடைத்த வீடு அது. ஒன்றரை வருடமாக ஒரே கூரையின் கீழ் பேச்சு வார்த்தை இல்லை.

அம்மா இறந்த அன்று ராமையா பாகான் செராயில் வேலையாக இருந்தார். பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் சிதை எரிந்துகொண்டிருந்தது. தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது முறைதான், யார் இல்லை என்றது? அண்ணன் வந்து முகம் பார்க்கும்வரை ஒரு மணி நேரம் பொறுக்கக் கூடாதா?

அன்று மூடிய வாய். வீட்டைக் குறுக்கே தடுத்துவிடலாம் என்று போன வாரம் பக்கத்து வீட்டு நல்லம்மாள் மூலம் சீனிக்குச் சொல்லி அனுப்பியவரும் ராமையாதான்.

ஐந்தாவது திருகாணியை முடுக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

பேசாவிட்டாலும், காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே சீனி கூடத்தைக் கடந்து போவான். ராமையா பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதருக்கு ஒரு நாளைக்கு அது போதுமானதாக இருந்தது.

நாளையிலிருந்து அதுவும் இல்லை. அவருக்குப் பயமாக இருந்தது.

கை மட்டும் நிற்கவில்லை. எட்டாவது திருகாணியும் இறங்கிவிட்டது.

"விட்டுரலாமாண்ணே?"

பலகைக்கு அப்பாலிருந்து வந்த குரலைக் கேட்டு அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"இன்னும் காயல லா. கொஞ்ச நேரம் பிடிச்சிக்க."

பச்சைப் பொய். திருகாணி இறங்கிவிட்டால் இடியே விழுந்தாலும் சட்டம் அசையாது. பசை தன்பாட்டுக்குக் காயும், யாரும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

லகாட்டில் அலமாரி செய்யும் தொழிற்சாலையில், பலகை ஒட்டும் பிரிவில் பத்து வருடமாக வேலை பார்ப்பவன் சீனி.

மறுபக்கம் ஒரு நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சரிண்ணே. காயட்டும்."