அடுத்த எழுத்து

நரம்பு நோயில் குரலும் கைகளும் போன அப்பாவுக்குக் கண்கள் மட்டுமே மிச்சம். அக்கா எழுத்து அட்டையில் விரலை நகர்த்துவாள். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் இமைப்பார். களைத்துவிடுவாரே என்று முதல் எழுத்திலேயே மீதியை நாங்கள் ஊகித்துவிடுவோம். சரி என்றால் மறுபடி இமைப்பார்.

அன்று வெளிநாட்டிலிருந்து வீடியோவில் நானும் இருந்தேன்.

"'வா'ன்னு காட்டுறார்டா. வாய் துடைக்கணுமாப்பா?"

இமைக்கவில்லை.

"வாந்தி வருதாங்க?" என்றாள் அம்மா.

அதற்கும் இல்லை.

"வாழைப்பழமாப்பா?"

"முழுங்கவே முடியாதவருக்கு வாழைப்பழமாடா, லூசு!" என்றாள் அக்கா.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா போனோடு வெளியே வந்தாள். "மூச்சு ரொம்ப இழுக்குதுடா."

"கிளம்பவாக்கா?"

"இப்பதானே வேலைல சேர்ந்தே. லீவு கேட்டா துரத்திடுவான். அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

மறுநாள் அம்மா அழைத்தாள். "அப்பா போயிட்டார்டா."

பேசினால் கைப்பேசியே தட்டச்சு செய்துகொள்ளும். அக்காவுக்குப் பேசியே செய்தி எழுதினேன்: "அப்பா கடைசியா சொன்னது வா…"

மேலே என்னவென்று தெரியாமல் நிறுத்தினேன்.

கைப்பேசிக்கு எங்களைப் போல ஊகிக்கத் தெரியாது. அங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருந்தது.

"அப்பா கடைசியா சொன்னது வா."