கிணற்றடி நோட்டு

"வெக்கமா இல்ல?"

பேராசிரியர் ஆதிநாராயணன் ஆய்விதழிலிருந்து வந்த கடிதத்தை மேசைமேல் வீசினார். திருப்பதிக் கல்லூரியில் அவர் அறை. எதிரே ஆராய்ச்சி மாணவி சந்தியா தலைகுனிந்து நின்றாள்.

"உன் கட்டுரையில நூத்துக்கு அறுவது என் பழைய கட்டுரையில இருக்குதாம். வெதுருகுப்பத்துல வெயில்ல சுத்திக்கினு, கிணறு கிணறா தண்ணி மட்டம் அளந்தவன் நானு. நீ நோவாம காப்பி அடிச்சிட்ட!"

"உங்க கட்டுரைய நான் படிச்சதே இல்ல சார்."

"அப்ப நம்பரெல்லாம் எப்படி ஒண்ணா இருக்குது?"

"கடைசி வரியப் பாருங்க சார். ரெண்டு பேருமே கிணத்தாண்ட எழுதின நோட்ட அனுப்பணுமாம்."

அவர் குரல் இறங்கியது. "இருவத்தஞ்சு வருசத்து நோட்டு. எங்கியோ போயிடுச்சு."

சந்தியா பையிலிருந்து பழுப்பேறிய நோட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். அவர் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம், ஓரத்தில் 'பார்வையிட்டேன்' என்று பச்சை மையில் அவரே போட்ட கையெழுத்து.

"இது... மல்லிகா நோட்டு. என்கிட்ட ஆராய்ச்சி பண்ணி, பாதியில நின்னுட்ட பொண்ணு. உன்கிட்ட எப்படி?"

"எங்கம்மா சார். அவங்க அளந்ததுன்னு சொல்லி, அவங்க பேரையும் போட்டுத்தான் கட்டுரை அனுப்பினேன். நீங்க பேரைப் பாக்கல."

ஆதிநாராயணன் நோட்டை மூடினார். "அம்மா... வந்திருக்காங்களா?"

"வெளிய பெஞ்சில உக்காந்துகினு இருக்காங்க. உங்க மூஞ்சியப் பாக்க அவங்களுக்கு வெக்கமா இருக்குதாம்."