தலைமையாசிரியர் சொன்ன தைரியம்

தலைமையாசிரியரின் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஓராண்டாகிறது. நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் ட்யூமர் மார்க்கர் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், அவர் உறையிலிருந்து தாளை உருவினார்.

“இருபத்தெட்டு! போன தடவை பதினெட்டு. அதுக்காக முகத்தைத் தொங்கப் போடாதே. இது ஏறும், இறங்கும். ஒரே ஒரு எண்ணை வெச்சு நோய் திரும்பிடுச்சுன்னு சொல்ல முடியாதுன்னு டாக்டரே சொன்னாரே!”

“இல்லீங்க...”

“குறுக்கே பேசாதே. நானா இருந்தா சிரிச்சுக்கிட்டே டீ குடிப்பேன்.”

மனைவி உறைக்குள் கைவிட்டு இன்னொரு தாளை எடுத்தாள்.

“என்னோடது இதோ, அதே பதினெட்டு. உங்க கையில இருக்கிறது, நான் பயப்படக் கூடாதுன்னு துணைக்கு நீங்களும் குடுத்தீங்களே, அந்த ரத்தத்தோட ரிசல்ட்.”

தலைமையாசிரியர் தாளில் இருந்த பெயரைப் படித்தார். அப்படியே சோபாவில் சாய்ந்தார்.

“பிள்ளைங்களையெல்லாம் உடனே வரச் சொல்லிடு” என்றார், ஈனஸ்வரத்தில்.